"பாட்டி டல்லா இருக்காங்க" என்று சொன்னால் டாக்டருக்கு என்ன புரியும்?

கேள்வி:

கோவைக்குப் பக்கத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் நைட் டூட்டி பார்க்கிறேன். ஜிஎன்எம் (நர்ஸிங் டிப்ளமோ) படித்திருக்கிறேன். டாக்டர் வாரத்தில் இரண்டு நாள் நேரில் வருவார், மற்ற நேரமெல்லாம் போன்தான். போன மாதம் ஒரு ராத்திரி, ஞாபக மறதி நோய் (டிமென்ஷியா) உள்ள 82 வயதுப் பாட்டி ஒருவர் ரொம்பச் சோர்வாகத் தெரிந்தார். கூப்பிட்டால் கண்ணைத் திறந்து ஒரு வார்த்தை பேசுவார், உடனே தூங்கிவிடுவார். காய்ச்சல் 99.2, பிபி 110/70, பல்ஸ் 88, ஆக்ஸிஜன் 94. பதினொரு மணிக்கு டாக்டருக்குப் போன் செய்து, "சார், பாட்டி டல்லா இருக்காங்க, சரியா சாப்பிடல" என்றேன். ரீடிங் கேட்டார், சொன்னேன். "எல்லாம் நார்மலாத்தானே இருக்கு, இதுக்கா இந்நேரத்துல கூப்பிட்டீங்க, காலைல பாக்கலாம்" என்று வைத்துவிட்டார். மறுநாள் மதியம் மூச்சுத் திணறலோடு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நிமோனியா என்றார்கள். பிழைத்து வந்துவிட்டார். ஆனால் வாக்கர் பிடித்து நடந்தவர் இப்போது படுக்கையோடு இருக்கிறார். "முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்கிறார் மகன். பகல் டூட்டி ஆயாம்மாவோ, "சாயங்காலம் காபியையே பாதி வெச்சுட்டாங்க சிஸ்டர்" என்று எல்லாம் முடிந்த பிறகு சொல்கிறார். டாக்டரிடம் எப்படிச் சொன்னால் காதில் ஏறும்? எப்போது கூப்பிடலாம், எப்போது கூடாது? பாட்டியின் மருந்துச் சீட்டையும் பழைய ரீடிங் நோட்டையும் இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

பதில்:

அன்புள்ள சிஸ்டர்,

நீங்கள் பார்த்தது சரி. பாட்டிக்கு ஏதோ ஆகிவிட்டது என்று உங்களுக்குத் தெரிந்தது, அதனால்தான் பதினொரு மணிக்குப் போனை எடுத்தீர்கள். தெரிந்தது அந்தப் பக்கம் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். அதற்குப் பாதிக் காரணம் நீங்கள் சொன்ன விதம். மீதிப் பாதி, அவர் கேட்காமல் விட்ட கேள்விகள். இந்த மாதிரி ராத்திரிப் போன்களை எடுக்கிற முதியோர் மருத்துவன்தான் நானும் என்பதால் இரண்டு பக்கத்தையும் சொல்ல முடியும் என்று நினைக்கிறேன்.

முதலில் உங்கள் பக்கம். பாட்டி வழக்கமாக எப்படி இருப்பார் என்பது உங்களுக்கு மனப்பாடம். டாக்டருக்கு அப்படி இல்லை. ரவுண்ட்ஸில் ஐந்து நிமிடம் பார்க்கிற பல முகங்களில் அவரும் ஒருவர். 'டல்' என்று கேட்டதும் அவர் மனதில் எந்தப் படமும் வராது. மகன் இந்த வாரம் வரவில்லை என்ற வருத்தமும் டல்தான், நேற்றுத் தூங்காததும் டல்தான், ரத்தத்தில் கிருமி ஏறுவதும் டல்தான். அவருக்கு அப்போது தேவைப்பட்டது இதுதான்: "இவங்க தினமும் வாக்கர் பிடிச்சு டைனிங் ஹாலுக்கு வந்து சாப்பிடுறவங்க. இன்னைக்குச் சாயங்காலத்துல இருந்து எழுந்திருக்கல. காபி பாதி, ராத்திரி ஒரு இட்லி. இப்ப கூப்பிட்டா ஒரு வார்த்தை பேசிட்டுத் தூங்கிடறாங்க. நேத்து ராத்திரி இப்படி இல்ல." நேற்று எப்படி, இன்று எப்படி, எப்போதிலிருந்து. ரீடிங் எல்லாம் இதற்கு அப்புறம்.

ரீடிங்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அந்த ராத்திரி உங்கள் இருவரையும் ஏமாற்றியது அதுதான். நீங்கள் அனுப்பிய நோட்டைப் புரட்டினேன். பாட்டியின் பிபி மாதக்கணக்காக 140-க்கும் 150-க்கும் நடுவில் நிற்கிறது. அவருக்கு 110 நார்மல் இல்லை, இறக்கம். பல்ஸ் எப்போதும் 60-களில். மெட்டோப்ரோலால் சாப்பிடுகிறார், அந்த மாத்திரை இதயத் துடிப்பை அமுக்கி வைக்கும். அமுக்கியும் 88-க்கு வந்திருக்கிறது என்றால், மாத்திரை இல்லாதிருந்தால் இன்னும் மேலே போயிருக்கும். உடல் வெப்பம் வழக்கமாக 97. வயதானவர்களுக்கு அடிப்படை வெப்பமே கொஞ்சம் குறைவாக இருக்கும், தொற்று வந்தாலும் காய்ச்சல் பெரிதாக ஏறாது. அமெரிக்கத் தொற்றுநோய் மருத்துவர்கள் சங்கம் இத்தகைய இல்லங்களுக்காகவே 2008-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் மூன்று அளவுகோல்கள் இருக்கின்றன. ஒரே தடவை பார்த்தாலும் 100 டிகிரியைத் தாண்டினால் காய்ச்சல். திரும்பத் திரும்பப் பார்த்து 99-ஐத் தாண்டிக்கொண்டே இருந்தாலும் காய்ச்சல். அவரவர் வழக்கமான வெப்பத்தைவிட 2 டிகிரிக்கு மேல் ஏறினாலும் காய்ச்சல். 97-லிருந்து 99.2 என்பது மூன்றாவது வகை. ஆக, "எல்லாம் நார்மல்" என்று சொல்லப்பட்ட எண்களில் மூன்று, அந்தப் பாட்டிக்கு நார்மலே இல்லை.

லண்டனில் உள்ள ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் 2012-ல் கொண்டுவந்து 2017-ல் திருத்திய 'நியூஸ்-2' என்ற, நோயாளியின் நிலை மோசமாகிறதா என்று ரீடிங்கை வைத்துக் கணிக்கிற மதிப்பெண் முறை ஒன்று இருக்கிறது. ஆஸ்பத்திரி வார்டுகளுக்காகச் செய்தது, இங்கிலாந்தில் முதியோர் இல்லங்களிலும் பயன்படுத்துகிறார்கள். உங்கள் எண்களை அதில் போட்டுப் பார்த்தேன். பிபி 110-க்கு ஒன்று, ஆக்ஸிஜன் 94-க்கு ஒன்று. கூப்பிட்டால் மட்டும் கண் திறக்கிறார் என்பதற்கு மூன்று. மொத்தம் ஐந்து. ஐந்து வந்தாலே அவசரமாக ஒரு மருத்துவர் பார்க்க வேண்டும் என்பது விதி. கவனியுங்கள், பெரிய மதிப்பெண் வந்தது எந்த மெஷினிலிருந்தும் அல்ல. "கூப்பிட்டா ஒரு வார்த்தை பேசிட்டுத் தூங்கிடறாங்க" என்று நீங்கள் கண்ணால் பார்த்ததற்கு வந்தது. நடந்து முடிந்த பிறகு கணக்குப் போடுவது சுலபம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அடுத்த தடவை நடப்பதற்கு முன்பே போடலாம் இல்லையா?

இரண்டு எண்கள் உங்கள் கடிதத்தில் இல்லவே இல்லை.

ஒன்று, மூச்சு. நிமிடத்துக்கு எத்தனை தடவை மூச்சு விடுகிறார் என்று நம் ஊரில் யாரும் எண்ணுவதில்லை. ஷீட்டில் எல்லோருக்கும் 18 அல்லது 20 என்று எழுதிவிட்டுப் போகிற பழக்கம் பெரிய ஆஸ்பத்திரிகளிலும் உண்டு. வயதானவர்களுக்கு நிமோனியா வரும்போது இருமல், சளி, காய்ச்சல் எதுவும் இல்லாமலும் போகலாம், ஆனால் மூச்சு வேகம் பெரும்பாலும் ஏறியிருக்கும். 25-ஐத் தாண்டினால் நான் தூக்கத்தை விட்டு எழுந்து உட்காருவேன். பக்கத்தில் நின்று, எண்ணுகிறேன் என்று காட்டிக்கொள்ளாமல், நாடி பிடிப்பது போலக் கையைப் பிடித்துக்கொண்டு வயிற்றையோ நெஞ்சையோ பார்த்து முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். பதினைந்து விநாடி எண்ணி நான்கால் பெருக்க வேண்டாம். விரலில் மாட்டுகிற ஆக்ஸிமீட்டரை மட்டும் நம்பியும் இருக்க வேண்டாம். கை குளிர்ந்திருந்தால் அது தப்பாகக் காட்டும். கருத்த தோலில் உண்மையைவிடச் சற்றுக் கூடுதலாகக் காட்டக்கூடும் என்பதும் கொரோனா காலத்து ஆய்வுகளில் பரவலாகத் தெரியவந்தது.

இரண்டு, சுகர். பாட்டி கிளிமெபிரைடு என்ற சுகர் மாத்திரை சாப்பிடுகிறார். அந்த மாத்திரை உள்ளே போய், சாப்பாடு ஒரு இட்லியோடு நின்றுவிட்டால் ராத்திரியில் சுகர் இறங்கும். இறங்கினால் ஆள் இதே மாதிரிதான் தூங்கி வழிவார். சர்க்கரை நோயாளி யார் மந்தமாகத் தெரிந்தாலும் போனை எடுப்பதற்கு முன்பு குளுக்கோமீட்டரை எடுங்கள். 70-க்குக் கீழே இருந்து, நன்றாக விழித்து விழுங்கக்கூடியவராக இருந்தால் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துவிட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள். கால் மணி நேரத்தில் மறுபடி பாருங்கள். அரைத் தூக்கத்தில் இருப்பவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, நேராக நுரையீரலுக்குப் போய்விடும். அங்கே 108-தான். இந்த வகை மாத்திரையால் இறங்கிய சுகர், ஒரு தடவை ஏறிய பிறகும் மறுபடி இறங்கும் என்பதால், ஏறிவிட்டது என்று விட்டுவிடவும் கூடாது.

இனி அந்தப் போனை மறுபடி பேசிப் பார்ப்போம். அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் புழங்கிய ஒரு பேச்சு முறையை, 2000-களின் தொடக்கத்தில் கொலராடோவில் கைசர் பெர்மனன்ட்டே மருத்துவ அமைப்பினர் ஆஸ்பத்திரிக்கு ஏற்ற மாதிரி மாற்றி எடுத்துக்கொண்டார்கள். 'எஸ்-பார்' என்று நீங்களும் பயிற்சி வகுப்பில் கேட்டிருக்கலாம். இப்போது என்ன, இவர் யார், என்னவாக இருக்கும், எனக்கு என்ன வேண்டும் என்று நான்கு படி. உங்கள் பாட்டிக்கு அது இப்படி வரும்:

"சார், இல்லத்துல இருந்து நைட் சிஸ்டர் பேசுறேன். 82 வயசுப் பாட்டி ஒருத்தங்க சாயங்காலத்துல இருந்து ரொம்ப மாறிட்டாங்க, இன்னைக்கு ராத்திரியே நீங்க முடிவு சொல்லணும்னு கூப்பிட்டேன். வழக்கமா நடந்து வந்து சாப்பிடுவாங்க, எல்லார்கிட்டயும் பேசுவாங்க. இப்ப கூப்பிட்டாதான் கண்ணைத் திறக்கறாங்க. டிமென்ஷியா, சுகர், பிபி இருக்கு. கிளிமெபிரைடு, மெட்டோப்ரோலால் போகுது. அலர்ஜி எதுவும் இல்ல. பிபி 110/70, வழக்கமா 140-150 இருக்கும். பல்ஸ் 88, வழக்கமா 60-65. டெம்பரேச்சர் 99.2, வழக்கமா 97. மூச்சு நிமிஷத்துக்கு 26. ஆக்ஸிஜன் 94. சுகர் 118. இருமல் இல்ல, விழல, யூரின் போயிருக்காங்க. ஏதோ இன்ஃபெக்‌ஷன் ஆரம்பிக்குதுன்னு எனக்குத் தோணுது. நீங்க வந்து பாக்கறீங்களா, இல்ல ஆஸ்பத்திரிக்கு அனுப்பட்டுமா சார்?"

மூச்சும் சுகரும் நான் இட்டுக்கட்டியவை, மற்ற எண்களெல்லாம் உங்கள் கையில் இருந்தவை. சத்தமாகப் படித்துப் பாருங்கள், ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். இதைக் கேட்டுவிட்டு "காலைல பாக்கலாம்" என்று சொல்கிற டாக்டர் இருக்கலாம், ஆனால் அவருக்கும் அப்புறம் தூக்கம் வராது.

நம் ஊர் நர்ஸ்கள் அநேகமாக எல்லோரும் தடுக்கி நிற்கிற இடம் கடைசி இரண்டு படிகள். 'நோய் என்னன்னு சொல்றது டாக்டர் வேலை, நாம சொன்னா அதிகப்பிரசங்கி ஆயிடுவோம்' என்ற தயக்கம். நோயின் பெயரை நீங்கள் சொல்ல வேண்டாம். "என்னன்னு தெரியல சார், ஆனா போன ரெண்டு மணி நேரத்துல மோசமாயிட்டே போறாங்க" என்பதே போதுமான கணிப்பு. என்ன வேண்டும் என்று கேட்பதை மட்டும் விடாதீர்கள். வெறுமனே தகவல் சொல்லிவிட்டு நிறுத்தினால், தூக்கக் கலக்கத்தில் இருப்பவர் அதைத் தகவலாக வாங்கிக்கொண்டு "சரி" என்று வைத்துவிடுவார். நேரில் வர வேண்டுமா, ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டுமா, ரத்தப் பரிசோதனையா, சாப்பிடாதவருக்குக் காலை சுகர் மாத்திரையும் பிபி மாத்திரையும் தரலாமா நிறுத்தலாமா, ஏதாவது ஒன்றைக் கேளுங்கள். பொறுக்கலாம் என்று அவர் சொன்னால், "சரி சார், எந்த ரீடிங் எவ்வளவு ஆனா மறுபடி கூப்பிடட்டும்? எத்தனை மணி நேரத்துக்கு ஒரு தடவை பாக்கட்டும்?" என்று கேட்டு, அந்தப் பதிலை நேரத்தோடு ரிப்போர்ட் புக்கில் எழுதுங்கள். இந்தக் கேள்வி வந்ததும் பல டாக்டர்கள் யோசித்து, "இருங்க, எதுக்கும் அனுப்பிடலாம்" என்று மாறுவதைப் பார்க்கலாம். நானே மாறியிருக்கிறேன்.

காபி விஷயத்துக்கு வருகிறேன். பாட்டி அரைக் காபியை வைத்ததுதான் அன்றைய முதல் செய்தி. நீங்கள் கூப்பிட்டதற்கு ஏழு மணி நேரத்துக்கு முன்பே இல்லத்தில் ஒருவருக்குத் தெரிந்த செய்தி அது. ஆயாம்மா ஏன் சொல்லவில்லை? அதை ஒரு செய்தி என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஒருவேளை முன்பு எப்போதோ சொல்லி, "காபி குடிக்கலன்னா என்ன இப்போ" என்ற பதிலும் வாங்கியிருக்கலாம். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, துணி மாற்றுவது எல்லாம் அவர்கள்தான். உடம்பு மாறுவது முதலில் தெரிவதும் அவர்கள் கைக்குத்தான். அமெரிக்க முதியோர் இல்லங்களுக்காக மருத்துவர் ஜோசப் அவுஸ்லேண்டரும் அவருடைய குழுவினரும் உருவாக்கிய 'இன்டராக்ட்' திட்டத்தில், உதவியாளர்களுக்கென்றே ஒரு சின்ன அட்டை உண்டு. வழக்கத்தைவிடக் குறைவாகப் பேசுகிறாரா, குறைவாகச் சாப்பிடுகிறாரா, குடிக்கிறாரா, நடக்க அதிக உதவி கேட்கிறாரா, வலி இருக்கிறதா, மலம் போய் மூன்று நாள் ஆயிற்றா, எடை மாறியதா, தோலின் நிறம் மாறியதா, படபடப்பாக இருக்கிறாரா என்று பன்னிரண்டு விஷயங்கள். ஒன்று இருந்தாலும் வட்டம் போட்டு நர்ஸிடம் கொடுக்க வேண்டும்.

அதை அப்படியே மொழிபெயர்த்து ஒட்டினால் நம் ஊரில் யாரும் படிக்க மாட்டார்கள். உங்கள் இல்லத்து ஆட்களை வைத்து நீங்களே எழுதுங்கள். தானே புடவை கட்டுபவர் இன்று கட்டிவிடச் சொன்னாரா? விளக்கு ஏற்றாமல் காபி குடிக்காதவர் இன்று விளக்கை மறந்தாரா? சீரியல் நேரத்தில் டிவி முன்னால் இல்லையா? எல்லோரையும் திட்டுகிற தாத்தா இன்று யாரையும் திட்டவில்லையா? கடைசியாகச் சொன்னதை விளையாட்டாக எடுக்க வேண்டாம், திட்டாத தாத்தாவைத்தான் நான் முதலில் போய்ப் பார்ப்பேன். தமிழ் எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் வெளி மாநிலத்துப் பெண்களும் வேலையில் இருந்தால் படம் போட்ட தாள் வைக்கலாம். அதைவிட நல்லது, டூட்டி மாறும்போது ஆயாம்மாக்களையும் நிற்க வைத்து, "இன்னைக்கு யாரு மாறியிருக்காங்க?" என்று ஒரே கேள்வி கேட்பது. அவர்கள் சொல்வதை அவர்கள் முன்னாலேயே நோட்டில் எழுதுங்கள். எழுதுகிறார்கள் என்று தெரிந்தால் நாளைக்கும் சொல்வார்கள்.

இது எல்லாவற்றுக்கும் அடியில் ஒன்று தேவை: ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கத்தில், நல்லபடியாக இருக்கும் நாளில் எழுதி வைத்த 'வழக்கம்'. எப்படி நடப்பார், எவ்வளவு சாப்பிடுவார், யாரை அடையாளம் தெரியும், எத்தனை வார்த்தை பேசுவார், ராத்திரி எத்தனை தடவை எழுவார், மலம் எத்தனை நாளுக்கு ஒருமுறை, வழக்கமான பிபி, பல்ஸ், மூச்சு, வெப்பம், ஆக்ஸிஜன், எடை, பல்செட், காது மெஷின், மருந்துகள், அலர்ஜி. ஐசியு வேண்டுமா வேண்டாமா என்று குடும்பம் யோசித்து வைத்திருந்தால் அதுவும். எடையை மாதம் ஒருமுறை பாருங்கள். ஒரே மாதத்தில் நூற்றுக்கு ஐந்து பங்கு குறைந்தால், அதாவது 50 கிலோ இருந்தவர் இரண்டரைக் கிலோ இழந்தால், அது டாக்டரிடம் போக வேண்டிய செய்தி. ராத்திரியில் அல்ல, அடுத்த ரவுண்ட்ஸில்.

எப்போது கூப்பிடலாம் என்று கேட்டீர்கள். டாக்டரைக் கூப்பிடாமலே 108-ஐ அழைக்க வேண்டியவை சில உண்டு, அவர் போன் எடுக்கும் வரை காத்திருக்காதீர்கள். முகம் கோணுவது, ஒரு பக்கம் கை கால் விழுவது, பேச்சுக் குழறுவது. இங்கே "கடைசியா எத்தனை மணிக்கு நல்லா இருந்தாங்க" என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும், அந்தக் கடிகாரம் நீங்கள் பார்த்த நேரத்திலிருந்து ஓடாது, அவர் நன்றாக இருந்த கடைசி நேரத்திலிருந்து ஓடும். எழுப்பியும் எழாதவர், வலிப்பு, நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், நிற்காத ரத்தம், விழுந்து எழுந்து நிற்க முடியாதவர், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர் தலையில் அடிபட்டால், இவையும் அப்படியே. தலையில் அடிபட்டவர் அன்று நன்றாக இருந்தாலும் அடுத்த சில வாரங்களுக்குக் கவனம் வேண்டும். மண்டைக்குள் மெல்லக் கசிகிற ரத்தம் நாள் கழித்து, நடை தடுமாறுவதாகவும் பகல் தூக்கமாகவும் தலைகாட்டும். "போன வாரம் விழுந்தாங்க" என்று போனில் நினைவுபடுத்துவது உங்கள் வேலைதான்.

அதே ராத்திரி டாக்டரைக் கூப்பிட வேண்டியது, திடீரென்று வந்த எந்த மாற்றமும். முக்கியமாகப் புத்தி தடுமாறுவது. கத்துகிற, எழுந்து ஓடுகிற, ஊசியைப் பிடுங்குகிற தடுமாற்றத்துக்கு எங்களுக்கு உடனே போன் வந்துவிடும், "தூக்க மாத்திரை ஏதாவது சொல்லுங்க சார்" என்று. சத்தமே இல்லாமல் படுத்துக் கிடக்கிற தடுமாற்றத்துக்குப் போன் வராது. 'பாவம், தூங்கட்டும்' என்று விட்டுவிடுவார்கள். இரண்டும் ஒரே நோயின் இரண்டு முகம், அமைதியான முகம்தான் அதிகம் தவறிப்போகிறது. டிமென்ஷியா மாதக்கணக்கில், வருடக்கணக்கில் நகரும். ஒரே நாளில் மாறினால் அது டிமென்ஷியா முற்றியது அல்ல, வேறு ஏதோ சேர்ந்திருக்கிறது. சந்தேகமாக இருந்தால் கிழமைகளைப் பின்னாலிருந்து சொல்லச் சொல்லுங்கள், சனி, வெள்ளி, வியாழன் என்று. நேற்று வரை தட்டுத் தடுமாறியாவது சொன்னவர் இன்று இரண்டாவதிலேயே நின்றால் அதை அப்படியே டாக்டரிடம் சொல்லலாம். கத்துகிறவருக்கு மாத்திரை கேட்பதற்கு முன்பு அடிவயிற்றைத் தொட்டுப் பாருங்கள், யூரின் அடைத்திருக்கிறதா என்று. மலம் போய் எத்தனை நாள், எங்காவது வலியா, காது மெஷின் காதில் இருக்கிறதா. பாதித் தடவை பதில் அங்கேயே கிடைக்கும்.

மூன்று நாளாக மலம் போகாதது (வயிறு உப்பாமல், வாந்தி இல்லாமல் இருந்தால்), பழைய மூட்டு வலி, தீரப்போகிற மாத்திரை, இதெல்லாம் காலைக்கு.

இன்னொன்று, கொஞ்சம் எரிச்சலோடுதான் சொல்கிறேன். "யூரின் நாத்தம் அடிக்குது சார், இன்ஃபெக்‌ஷன்தான், ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுங்க" என்ற போன். இல்லங்களில் இருக்கிற வயதான பெண்களில் நாலில் ஒருவருக்காவது, எந்தத் தொந்தரவும் இல்லாமலே சிறுநீரில் கிருமி இருக்கும். அதற்கு மருந்து தேவையில்லை. புத்தி தடுமாற்றம் வந்ததும் யூரின் டெஸ்ட் அனுப்பி, அதில் கிருமி என்று வந்ததும் எல்லோரும் நிம்மதியாகி, நிஜக் காரணத்தை, நெஞ்சில் சளியோ புதிதாகத் தொடங்கிய மாத்திரையோ, தேடாமல் விட்டுவிடுவது நடக்கிறது. எரிச்சல், அடிவயிற்று வலி, காய்ச்சல், நடுக்கம் இருந்தால் சொல்லுங்கள். வாடைக்காக மட்டும் வேண்டாம், தண்ணீர் போதுமா என்று பாருங்கள்.

இப்போது அந்தப் பக்கம். உங்கள் டாக்டர் கேட்டிருக்க வேண்டியது ஒரே கேள்வி: "வழக்கமா எப்படி இருப்பாங்க?" கேட்கவில்லை. இதைப் படிக்கிற டாக்டர்கள் யாராவது இருந்தால் அவர்களுக்கும் சொல்கிறேன், ராத்திரி கூப்பிட்ட நர்ஸை ஒரு தடவை கடிந்துகொண்டால் அடுத்த மூன்று தடவை அவர் கூப்பிட மாட்டார், அந்த மூன்றில் ஒன்று நிஜமாக இருக்கும். சிஸ்டர், நீங்கள் அவருடைய கோபத்தைப் பற்றி ராத்திரியில் பேசாதீர்கள். அடுத்து அவர் வரும் நாளில், இல்லப் பொறுப்பாளரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "சார், எதுக்கெல்லாம் எந்நேரமும் கூப்பிடலாம்னு நீங்களே எழுதிக் கொடுத்துடுங்க" என்று கேளுங்கள். அவர் கையால் எழுதிய தாள் போனுக்குப் பக்கத்துச் சுவரில் இருந்தால் உங்களுக்கும் தயக்கம் இருக்காது, அவருக்கும் கோபம் வராது. அவர் எடுக்காவிட்டால், அல்லது சொன்ன பதில் உங்களுக்குச் சரியாகப் படவில்லை என்றால், அடுத்து யாரை அழைப்பது என்பதும் அதே தாளில் இருக்க வேண்டும். அதை ஏற்பாடு செய்வது நிர்வாகத்தின் கடமை, நைட் சிஸ்டரின் தலையில் கட்டக் கூடாது. "சார், நீங்க சொல்றது புரியுது, ஆனா எனக்கு மனசு ஒப்பல, இன்னொரு தடவை யோசிங்க" என்று மரியாதையாகவே சொல்லலாம். இதைச் சொன்னதற்காக நல்ல டாக்டர் யாரும் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை.

போனில் மருந்து சொன்னால் எழுதிக்கொண்டு திருப்பிச் சொல்லுங்கள். 'அரை'யும் 'ஒன்றரை'யும் இரைச்சலில் ஒன்றாகக் கேட்கும், 'ஃபிஃப்டீன்' 'ஃபிஃப்டி'யாகும். "ஒண்ணு, அஞ்சு, பதினஞ்சு மில்லிகிராம்தானே சார்?" என்று உடைத்துக் கேளுங்கள். அதை வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பிவிடச் சொல்லுங்கள். 2020 மார்ச்சில் வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதல்களின்படி போன் வழியாகவும் செயலி வழியாகவும் டாக்டர் ஆலோசனை தரலாம், மருந்துச் சீட்டின் படத்தை அனுப்பலாம், அதனால் கேட்பதில் தப்பில்லை. புண்ணையோ கால் வீக்கத்தையோ படம் எடுத்து அவருக்கு மட்டும் அனுப்புங்கள், ஊழியர் குரூப்பில் போடாதீர்கள்.

ஆஸ்பத்திரிக்கு அனுப்பும்போது அந்த 'வழக்கம்' பக்கத்தின் நகல் கூடவே போக வேண்டும். கேஷுவாலிட்டியில் டிமென்ஷியா என்ற ஒரு சொல்லைப் பார்த்ததும், "இவங்க எப்பவுமே இப்படித்தான் போல" என்று நினைத்துவிடுவார்கள். முந்தாநாள் வரை வாக்கரில் நடந்து வந்து பேசிக்கொண்டே சாப்பிட்டவர் என்று ஒரு வரி இருந்தால் வைத்தியமே வேறு மாதிரிப் போகும்.

மகனிடம் நடந்ததை நேரத்தோடு சொல்லுங்கள்: சாயங்காலம் காபி, பதினொரு மணிக்குப் போன், என்ன சொன்னீர்கள், என்ன பதில் வந்தது, மறுநாள் என்ன ஆயிற்று, இனி என்ன மாற்றுகிறீர்கள். பொறுப்பாளர் கூட இருக்கட்டும். டாக்டர்மேல் பழியைப் போடவும் வேண்டாம், அவரைக் காப்பாற்ற எதையும் மறைக்கவும் வேண்டாம்.

கடைசியாகப் பாட்டி. 'படுக்கையோடு இருக்கிறார்' என்பதை அவருடைய புது வழக்கம் என்று இப்போதே எழுதிவிடாதீர்கள். நிமோனியாவுக்குப் பின் வயதானவர்கள் தேற வாரங்கள், சில சமயம் மாதங்கள்கூட ஆகும். படுக்க வைத்தே இருந்தால் தேறவே மாட்டார்கள். பிசியோதெரபிக்கு டாக்டரிடம் கேளுங்கள், அதுவரை வேளாவேளைக்கு நாற்காலியில் உட்கார வைத்துச் சாப்பிடக் கொடுங்கள். படுக்கைப் புண் வருகிறதா என்று முதுகடியையும் குதிகாலையும் தினமும் தொட்டுப் பாருங்கள், நம் தோலில் சிவப்பு எளிதில் கண்ணுக்குத் தெரியாது, சூடும் கெட்டித்தன்மையும் கைக்குத் தெரியும். சாப்பிடும்போது இருமுகிறாரா, தண்ணீர் குடித்ததும் குரல் கரகரக்கிறதா என்பதையும் ஒரு வாரம் எழுதி வையுங்கள். அப்படி இருந்தால் சாப்பாடு நுரையீரலுக்குப் போகிறதோ என்று சந்தேகிக்க வேண்டும், இந்த நிமோனியாவே அதனால் வந்ததாக இருக்கலாம். அடுத்த ரவுண்ட்ஸில் டாக்டரிடம் முதலில் சொல்ல வேண்டியது அதைத்தான்.